விதியும் ஆட்டமும்: மயிலிட்டியை முன்வைத்து ஓர் ஒப்பியல் நோக்கு

விளையாட்டுக்கள் பற்றிய ஆய்வு நம்மிடையே பெரும்பாலும் பெயர்ப் பட்டியலாகத் தொடங்கிப் பெயர்ப் பட்டியலாகவே முடிந்துவிடுகின்றது. தாயம், பல்லாங்குழி, நாயும் புலியும் என்று பெயர்களை அடுக்கி, அவை மறைந்து போயின என்று இரங்கி, அத்துடன் அமைதி காண்பது வழக்கமாகிவிட்டது. தேவநேயப் பாவாணர் 1954 இல் வெளியிட்ட ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ என்னும் நூல் இதற்கு ஒரு விதிவிலக்கு. ஆடுவோர் தொகை, ஆடுகருவி, ஆடிடம், ஆடுமுறை எனப் பகுத்து விளக்கிய அந்நூல், ஆட்டமென்பது அதன் பெயரில் இல்லை, அதன் விதியில் இருக்கின்றது என்ற உண்மையைச் செயலிற் காட்டியது. எனினும் விதி ஆடுவோரை என்ன செய்கின்றது, எத்தகைய நடத்தையை அவர்களிடம் வேண்டி நிற்கின்றது என்ற வினா அங்கும் எழுப்பப்படவில்லை. அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழில் ‘விதி’ என்னும் சொல் ஒரே வேளையில் இரு பொருள் தருவது. மனிதர் தம்முள் உடன்பட்டு வகுத்துக்கொள்ளும் ஒழுங்கும் விதியே. மனிதரின் கைக்கு எட்டாது நின்று அவரை ஆட்டுவிப்பதாகக் கருதப்படும் ஊழும் விதியே. முன்னதைப் பின்னதாக மயங்குவது சமூக வரலாற்றில் நாம் அடிக்கடி காணும் நிகழ்ச்சி. சிலர் சிலருக்காக வகுத்த ஒழுங்கு, காலஞ் செல்லச் செல்ல இயற்கையின் நியதி போலத் தோற்றம் பெறுகின்றது. ஆட்டப் பலகை இம்மயக்கத்தைத் தெளிவாகப் பரிசோதிக்கத்தக்க ஒரு சிறு களம். அங்கு விதியை வகுத்தவர் மனிதரே என்பதை எவரும் மறுப்பதில்லை.

மயிலிட்டியை இவ்வாய்வின் நிலைக்களமாகக் கொண்டமைக்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இடையே அமைந்த இக்கிராமம், 1990 வரை வடபகுதியின் முதன்மையான மீன்பிடித் துறைகளுள் ஒன்றாக விளங்கியது. அவ்வாண்டு யூன் மாதத்தில் மக்கள் முற்றாக வெளியேற, ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கிற்று. துறைமுகமும் அதனை அண்டிய ஏறத்தாழ 54 ஏக்கர் நிலமும் 2017 யூலை 3 ஆம் நாளன்றே விடுவிக்கப்பட்டன. இடைப்பட்டது இருபத்தேழு ஆண்டுகள். இடம் பறிபோனபின் ஒரு சமூகத்திடம் எஞ்சுவன எவை என்ற கேள்விக்கு விடை தேடுவோர், வீட்டையும் வள்ளத்தையும் மட்டுமன்றி, ஊரவர் தம்முள் பழகிய ஒழுங்குகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆட்ட விதிகள் அவ்வொழுங்குகளுள் ஒரு வகையின.

மூன்று வினாக்கள்

எந்த ஆட்டத்தையும் நோக்கி மூன்று வினாக்களை எழுப்பலாம். ஆட்டத்தினுள் நுழைவதற்கு உரிமை பெறுபவர் யார்? எது பேறாகக் கணிக்கப்படுகின்றது? ஐயம் எழுமிடத்துத் தீர்ப்புக் கூறுபவர் யார்? நுழைவு, பேறு, தீர்ப்பு என்னும் இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டால், மண்தரையிற் கீறிய தாயக்கோட்டையும், மேலைநாட்டில் மேசையைச் சுற்றியிருந்து ஆடப்படும் பாத்திரமேற்பு ஆட்டத்தையும் ஒரே தட்டில் நிறுக்க முடியும்.

முதலில் தாயத்தை நோக்குவோம். காய் கோட்டையினுள் நுழைவதற்குத் ‘தாயம்’ எனப்படும் ஒன்று விழுதல் வேண்டும். அது விழாதவரை ஆடுபவர் வெளியே காத்திருக்க வேண்டியவரே. இவ்விதி எங்கும் ஒன்றாயினும் அதன் கடுமை ஆடுகருவியைப் பொறுத்து மாறுகின்றது. வெறுமை, 1, 2, 3 என்னும் நான்கு முகங்களுடைய பித்தளைத் தாயக்கட்டைகள் இரண்டை உருட்டினால், பதினாறு வாய்ப்புக்களில் இரண்டில் மட்டுமே தாயம் விழும். எட்டு முறை உருட்டியும் உள்ளே புக முடியாதவர் நூற்றுக்கு ஏறத்தாழ 34 பேர். ஆறு சோகிகளை எறிந்து ஆடுமிடத்து, ஒவ்வொரு சோகியும் இருபுறமும் சமமாக விழும் என்று கொண்டால், 64 வாய்ப்புக்களில் ஆறே தாயம். எட்டு எறிகளுக்குப் பின்னும் வெளியே நிற்போர் நூற்றுக்கு 45 பேருக்கு மேல். நான்கு சோகிகளாயின் அத்தொகை பத்தாகக் குறைகின்றது. விதியின் சொற்கள் மாறவில்லை. ஆயினும் ஒரு கருவி வாயிலை அகலத் திறக்க, மற்றொன்று அதனை ஒடுக்குகின்றது. எழுதப்பட்ட சட்டம் ஒன்றாயிருந்தும் அதனை நடைமுறைப்படுத்தும் சாதனம் வேறாயிருப்பின் விளைவும் வேறாகும் என்பதற்கு இதனினும் எளிய சான்று கிடைத்தல் அரிது.

தாயத்தில் காத்திருப்பவர் தம் நிலைக்குத் தம்மையே நொந்துகொள்வதில்லை; சோகியை நோவார். இங்குதான் விதியின் இரு பொருளும் ஒன்றையொன்று தழுவுகின்றன. நுழைவுரிமையை வாய்ப்பின் கையில் ஒப்படைக்கும் ஒழுங்கு ஏற்றத்தாழ்வை எவருடைய குற்றமும் அன்றாக்கிவிடுகின்றது. அதே வேளையில், பிறப்போ செல்வமோ பாராமல் எல்லோரையும் ஒரே எறிக்கு உட்படுத்துவதும் அதுவே. பிறப்பால் வாயில் அடைக்கப்பட்ட சமூகத்தில் இத்தகைய ஆட்டம் ஒரு சிறு சமத்துவத்தை நல்கியிருக்க வேண்டும் என்று கருதுவது தவறாகாது.

பல்லாங்குழி வேறொரு பாடம் புகட்டுவது. இரு வரிசையாக அமைந்த பதினான்கு குழிகளிலும் தொடக்கத்தில் சமமான முத்துக்கள் இடப்படுகின்றன. வாய்ப்புக்கு இங்கு இடமில்லை. எண்ணிக்கையும் முன்னோக்குமே கருவிகள். ஒரு குழியில் நான்கு முத்துச் சேருமிடத்து அது ‘பசு’ எனப்பட்டுக் குழிக்குரியவரைச் சேர்கின்றது. முதற் சுற்றின் முடிவில் குறைந்த முத்துடையவர் தம் குழிகள் எல்லாவற்றையும் நிரப்ப இயலாதவராகின்றார். நிரம்பாத குழிகள் அடுத்த சுற்றில் ஆட்டத்திற்கு உதவா. ஒரு சுற்றின் தோல்வி அடுத்த சுற்றின் தொடக்க நிலையாகின்றது. சமமாகத் தொடங்கிய இருவரில் ஒருவர் நிலமிழந்தவராகவும் மற்றவர் நிலமுடையவராகவும் மாறும் நிகழ்வை, குழியும் முத்துமாகக் கண்முன் நிறுத்துகின்றது இவ்வாட்டம். மிகுதியும் பெண்களே ஆடிய இதனை வேளாண்மைச் சமூகத்தின் கணக்கியல் எனல் பொருந்தும். இதன் மறுதலையாகச் சீதைப்பாண்டி என்றொரு வகையும் உண்டு. தனியொருவராக ஆடும் அதில் வெல்பவரும் இல்லை, தோற்பவரும் இல்லை. ஒரே பலகை, ஒரே முத்துக்கள். பேறு பற்றிய விதியை நீக்கியதும் போட்டி பொழுதுபோக்காகிவிடுகின்றது.

மூன்றாவது, தமிழ்நாட்டில் ஆடுபுலி ஆட்டம் என வழங்குவதும் யாழ்ப்பாணத்தார் நாயும் புலியும் என அழைப்பதுமான ஆட்டம். நீர்ப்பாசனத் துறையிற் பணியாற்றிய ஹென்றி பார்க்கர் 1909 இல் வெளியிட்ட ‘பண்டைய இலங்கை’ என்னும் நூலில் இத்தீவின் கிராமிய விளையாட்டுக்களை விரிவாகப் பதிவு செய்துள்ளார். மூன்று புலிக்கும் பதினைந்து நாய்க்கும் இடையே நிகழும் இப்போட்டியில் இரு தரப்பினருக்கும் ஒரே விதி இல்லை. புலி தாவி வெட்டலாம். நாய் வெட்ட முடியாது. நாய்களின் ஒரே வழி, தனித்தனியே பலியாகாது அணிசேர்ந்து புலியின் பாதைகளை அடைப்பது. வலிமை சமமற்ற இரு தரப்பினரைச் சமமற்ற விதிகளுக்கு உட்படுத்தி, பலவீனரின் கூட்டுச் செயலுக்கு வெற்றிவாய்ப்பு அளிக்கும் இவ்வமைப்பு, நம் ஆட்டங்களுள் அரசியல் நுண்மை மிக்கது எனலாம்.

வேடம் ஏற்கும் ஆட்டம்

மேற்கூறியவற்றில் ஆடுபவர் காயை நகர்த்துகின்றார். தாமே வேறொருவராக மாறுவதில்லை. வேடம் ஏற்றலும் விதிப்படி ஆடலும் ஒன்றுசேர்ந்த வடிவத்தை நம் மரபில் அரங்கிலே தேட வேண்டும். மயிலிட்டிக்கு அண்மையிலுள்ள காங்கேசன்துறையில் 1924 இல் பிறந்து 1989 இல் மறைந்த நடிகமணி வி. வி. வைரமுத்து, இசைநாடக மரபின் தலைசிறந்த கலைஞராகக் கொள்ளப்படுபவர். வசந்தகான சபாவின் மூலம் அவர் நடித்த ‘அரிச்சந்திர மயான காண்டம்’ குடாநாடெங்கும் மீண்டும் மீண்டும் மேடையேறியது. சங்கரதாஸ் சுவாமிகளின் காலந்தொட்டு, அதாவது 1867 க்கும் 1922 க்கும் இடைப்பட்ட அவரது வாழ்நாளின் பிற்பகுதி தொட்டு, வளர்ந்த இம்மரபில் ‘ஸ்பெஷல் நாடகம்’ எனப்படும் முறை நம் ஆய்வுக்கு மிக வேண்டியது. வெவ்வேறு ஊர்களைச் சேர்ந்த நடிகர்கள் ஒத்திகை எதுவுமின்றி மேடையிற் சந்திப்பர். கதை தெரிந்தது, பாடல்கள் வரையறுக்கப்பட்டவை, பாத்திரங்கள் வந்து போகும் ஒழுங்கும் அறியப்பட்டது. இடையிலுள்ள உரையாடலும் தர்க்கமும் அந்தந்த இரவில் பிறப்பவை. ‘வள்ளி திருமண’த்தில் நாரதரும் வள்ளியும் நிகழ்த்தும் வாதம் இதற்குத் தக்க உதாரணம். முடிவு முன்னரே தெரிந்திருத்தல் சுவைக்குத் தடையாவதில்லை. ‘என்ன நடக்கும்’ என்ற கேள்வியை விதி அடைத்துவிடவே, ‘எவ்வாறு நடக்கும்’ என்ற கேள்வி முழு வீச்சுடன் திறந்துகொள்கின்றது.

கூத்திலோ தீர்ப்பு அண்ணாவியார் கையில் உள்ளது. பாத்திரங்களைப் பகிர்வதும், ஆட்டந் தவறுமிடத்துத் திருத்துவதும், தாளத்தால் ஆட்டத்தை நடத்துவதும் அவர் பொறுப்பு. ஊரின் ஏற்றத்தாழ்வுகள் பாத்திரப் பகிர்விலும் அரங்க ஒழுங்கிலும் நுழையக்கூடியவை என்பதையும் ஈண்டு மறத்தல் ஆகாது. தீர்ப்பாளர் இருக்குமிடமெங்கும் அவர் எந்தச் சமூகத்தின் தீர்ப்பாளர் என்ற வினாவும் உடன் எழும்.

மேலைநாட்டு மேசை ஆட்டத்திற்கு இம்மரபுடன் பிறப்புத் தொடர்பு இல்லை. அதன் மூலம் போர்ப்பயிற்சி. 1824 இல் பிரஷ்யப் படையதிகாரி ரைஸ்விற்ஸ், வரைபடமும் பகடையும் விரிவான அட்டவணைகளும் கொண்ட போர் ஆட்டத்தை அறிமுகஞ் செய்தார். விதிகள் பெருகிப் பெருகி ஆட்டமே நகராத நிலை தோன்றவே, 1876 இல் வெர்டி டு வெர்னுவா அட்டவணைகளைத் தள்ளிவிட்டு, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என வாதிட்டார். விதியா, அண்ணாவியாரா என்னும் இவ்விவாதம் இன்றுவரை ஓயவில்லை.

1974 இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, போர் ஆட்டத்தின் படைப்பிரிவை ஒரு தனிமனிதப் பாத்திரமாகச் சுருக்கியது. ஆடுபவர் தம் பாத்திரம் செய்வதைச் சொல்வர். நடத்துநர் உலகத்தைச் சொல்வார். ஐயமானவற்றைப் பகடை தீர்க்கும். இங்கு பேறு பற்றிய விதி ஆட்டத்தின் போக்கையே தீர்மானித்தது. ஆரம்ப விதிகளின்படி, மீட்டு வந்த பொன் நாணயம் ஒன்றுக்கு அடிப்படையில் ஓர் அனுபவப் புள்ளி. ஆதலால் அறிவுடைய ஆட்டக்காரர் அரக்கருடன் பொருதுவதைத் தவிர்த்துப் பொன்னைக் கவர்ந்து தப்புவதையே நாடினர். 1989 இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு பொன்னுக்கான புள்ளியை விருப்பத்திற்குரிய விதியாக ஒதுக்கிவிட, கொலையும் கதை நோக்கும் முன்னணிக்கு வந்தன. வீரம் பற்றிய கதை ஒன்றே. கணக்குப் புத்தகம் மாறியதும் வீரனின் நடத்தையும் மாறிற்று. பிடிபட்ட மீனின் வருவாயில் வள்ளத்துக்கும் வலைக்கும் ஒரு பங்கு, உழைத்தவருக்கு ஒரு பங்கு என்று பகிரும் கரையோர வழக்கை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது. பங்கிடும் முறை எதுவோ, உழைப்பின் முறையும் அதுவே.

நுழைவு பற்றிய விதி இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. 1974 ஆம் ஆண்டு விதிகளில் குள்ளர் இனத்துப் போர்வீரன் ஆறாம் படிக்கு மேல் உயர முடியாது. மனிதருக்கு அத்தகைய எல்லை இல்லை. 1978 இல் வெளிவந்த மேனிலை விதிநூல் பெண் பாத்திரத்தின் உடல்வலிமைக்கு ஆணினும் தாழ்ந்த உச்சவரம்பு விதித்தது. பிறப்பே ஆற்றலின் அளவு என்னும் இக்கோட்பாடு கற்பனை உலகத்தின் இயல்பாகவே ஏற்கப்பட்டது. படியுயர்வு எல்லைகள் 2000 ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் நீங்கின. 2024 ஆம் ஆண்டின் பதிப்பில் ‘இனம்’ என்ற சொல்லே கைவிடப்பட்டது. சாதி அமைப்பை அறிந்த நாம் இவ்வரலாற்றை அயலாரின் வேடிக்கையாகக் கொள்ள இயலாது. கற்பனைக்கு வரம்பில்லை என்று கூறிக்கொள்ளும் களத்திலும், வரம்பு எங்கே இடப்படுகின்றது என்பது இட்டவரின் சமூகத்தையே காட்டுகின்றது.

மாற்று விதிகள் மாற்று மனநிலைகளைத் தோற்றுவித்தன. 1981 இல் சாண்டி பீற்றர்சன் ஆக்கிய ‘கால் ஆஃப் கதுலு’ என்னும் ஆட்டத்தில் பாத்திரத்தின் மனத்தெளிவு ஓர் எண்ணாகக் குறிக்கப்பட்டு, கொடிய உண்மைகளை அறிய அறியக் குறைந்து செல்கின்றது. அறிவைப் பெறுவதற்கே விலை கொடுக்க வேண்டியிருப்பதால், அங்கு ஆடுபவர் துணிவதிலும் தயங்குவதே மிகுதி. 2010 இல் வின்சென்ற் பேக்கரும் மெகீ பேக்கரும் வெளியிட்ட ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ இரு பகடைகளின் கூட்டுத்தொகையை மூன்றாகப் பகுத்தது. 10 உம் அதற்கு மேலும் முழு வெற்றி. 7 முதல் 9 வரை விலை கொடுத்துப் பெறும் வெற்றி. 6 உம் அதற்குக் கீழும் நடத்துநரின் கை ஓங்கும் இடம். கூட்டல் கழித்தல் எதுவும் இல்லையெனின், 36 வாய்ப்புக்களில் முழு வெற்றி 6. விலையுடன் வெற்றி 15. வெல்லும் ஏழு தடவைகளில் ஐந்து தடவை ஏதோ ஒன்றை இழந்தே வெல்ல நேர்கின்றது. நடத்துநர் பகடை எறிவதே இல்லை. அவர் எப்போது, எவ்வாறு தலையிடலாம் என்பதும் விதியாகவே எழுதப்பட்டுள்ளது. அண்ணாவியாரையும் விதிக்கு உட்படுத்திய ஆட்டம் என்று இதனைக் கூறலாம்.

விதியின் எல்லை

இவ்விடத்து எதிர்வாதம் ஒன்று எழக்கூடும். ஆட்டத்தை ஆக்குவது ஆடும் குழுவே. நல்ல குழு எவ்விதியையும் வளைத்துக்கொள்ளும். ஆதலின் விதிக்கு இத்துணை முதன்மை தருதல் தகாது என்பது அவ்வாதம். இதில் உண்மை உண்டு. வீட்டுக்கு வீடு, ஊருக்கு ஊர் தாய விதிகள் வேறுபடுவதை நாம் அறிவோம். எதிரியின் காயை வெட்டாதவர் உட்சுற்றுக்குட் செல்லலாகாது என்பாரும் உளர். செல்லலாம் என்பாரும் உளர். ஆனால் இவ்வேறுபாடு விதியின் வலிமையை மறுப்பதன்று. அதனை உறுதி செய்வது. வெட்டு கட்டாயமாகும் வீட்டில் ஆட்டம் பகையாகின்றது. கட்டாயமில்லாத வீட்டில் ஓட்டமாகின்றது. வளைத்துக்கொண்ட குழு விதியற்று ஆடவில்லை. தனக்கென வேறொரு விதியை ஆக்கிக்கொண்டது.

ஹொய்சிங்கா 1938 இல் எழுதிய ‘ஹோமோ லூடன்ஸ்’ என்னும் நூலில், விளையாட்டை அன்றாட வாழ்விலிருந்தும் பொருள்நலனிலிருந்தும் விலகிய தனி வட்டமாகக் காட்டினார். ரொஜர் கையுவா 1958 இல் போட்டி, வாய்ப்பு, வேடம், மயக்கம் என நால்வகைப்படுத்தி, சூதாட்டம் போன்ற பொருள் சார்ந்த ஆட்டங்களையும் கணக்கிற் சேர்த்தார். வள்ளுவர் சூதுக்கெனத் தனி அதிகாரம் வகுத்த மரபில் வந்த நமக்கு, ஆட்டம் பொருளிலிருந்து விலகியது என்ற கூற்று எப்பொழுதும் ஐயத்துக்குரியது. உழைப்பு முந்தியது, விளையாட்டு அதன் குழந்தை என்று பிளெக்கனோவ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வாதிட்டார். அவர் கூற்றுடன் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். குழந்தை தாயின் சாயலைக் கொண்டிருப்பினும் தாயை எதிர்த்துப் பேசவும் வல்லது. உள்ள உறவுகளைப் பயிற்றும் பலகையே, அவை மாறத்தக்கவை என்பதையும் காட்டுகின்றது. ஏனெனில் ஒரு விதியை மாற்றினால் என்ன நிகழும் என்பதை அங்கு ஒரு மாலைப் பொழுதில் கண்டுவிடலாம்.

மயிலிட்டிக்குத் திரும்புவோம். 1990 இல் வெளியேறியோருள் பலர் மல்லாகம், சுன்னாகம் முதலிய பகுதிகளின் நலன்புரி நிலையங்களில் நீண்ட காலம் வாழ நேர்ந்தது. துறை போயிற்று, தொழில் போயிற்று, கோயில் வீதி எட்டாதாயிற்று. பரந்த மணலும் இரு அணியும் வேண்டும் கிளித்தட்டு போன்றவை இடத்தோடு பிணைந்தவை. தாயக்கோட்டை எந்தத் தரையிலும் கரித்துண்டாற் கீறலாம். சோகி இல்லையேல் ஒருபுறம் தேய்த்த புளியங்கொட்டை போதும். சுமந்து செல்லத்தக்க உடைமை விதி ஒன்றே. ஆனால் அது சுமப்பவரோடு மறைவதும் கூட. 1990 இல் இருபது வயதினராய் இருந்தோர் இன்று ஐம்பதைக் கடந்தவர்கள். அதற்குப் பின் பிறந்த ஒரு தலைமுறை ஊரைப் பெயரளவிலேயே அறிந்து வளர்ந்தது. நிலம் கட்டங் கட்டமாக விடுவிக்கப்பட்டபோதும், ஊர் என்னும் உறவுமுறை அவ்வாறு ஒரு நாளில் விடுவிக்கப்படுவதன்று.

ஆகவே மீள்குடியேற்றம் பற்றிச் சிந்திப்போர் செய்ய வேண்டிய பணிகளுள் இதுவும் ஒன்று என நாம் கருதுகின்றோம். திரும்பி வந்தோரிடமும், இன்னும் வெளியூர்களில் தங்கியோரிடமும் ஆட்ட விதிகளைக் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். பெயர்களைச் சேகரித்தால் போதாது. யார் ஆடினர், யார் ஆட மறுக்கப்பட்டனர், எத்தனை சோகி, வெட்டுக் கட்டாயமா, பிணக்கு எழுந்தபோது யார் சொல் செல்லுபடியாயிற்று என்பன கேட்கப்படல் வேண்டும். பழையன யாவும் நல்லன என்ற மயக்கம் இப்பணிக்குத் தடையாகும். நாம் ஆடியவற்றுட் சில பணிதலைப் பயிற்றின, சில குவித்தலைப் பயிற்றின. அவற்றையும் அவ்வாறே எழுதுதல் ஆய்வின் கடன்.

மீண்டும் ஓர் ஊரை அமைப்பவர்களுக்கு விதி வகுக்கும் உரிமை மறுபடியும் கிடைத்துள்ளது. துறையின் பங்கீட்டிலும், சங்கங்களின் உறுப்புரிமையிலும், கோயில் ஒழுங்கிலும் எந்த விதி பழையபடி ஏற்கப்படும், எது மாற்றப்படும் என்பதை அவர்களே தீர்மானிக்க வேண்டியுள்ளது. நுழைபவர் யார், பேறு எது, தீர்ப்பு யாருடையது என்னும் மூன்று வினாக்களும் அங்கும் அவர்கள் முன் நிற்கின்றன.